எண் மாறினால் குரல் மாறும்

விநாயகர் சதுர்த்தியிலிருந்து சிலைகளைக் கரைக்கும் நாள் வரை ஹைதராபாத்தில் மேடைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு மேடையைக் கற்பனை செய்துகொள்ளலாம். இன்னிசைக் குழுவின் கீபோர்டு கலைஞர் அன்று தன் சொந்தக் கருவியைத் தூக்கி வரவில்லை. அதே கம்பெனி, அதே மாடல் ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் தருவதாக விழாக் கமிட்டி வாக்குக் கொடுத்துவிட்டது. அவர் கொண்டுவந்தது சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ் மட்டும். பத்து வருடங்களாக இழைத்து இழைத்துச் செய்த டோன்கள் அதில் இருக்கின்றன. அவருடைய சன்னாயி (தெலுங்குக்காரர்களின் நாதஸ்வரம்), அவருடைய வீணை, தீன்மார் அடிக்குத் தோதான ஒரு தப்பட்டை.

பென் டிரைவைச் செருகுகிறார். பெயர்கள் திரையில் வரிசையாக வருகின்றன. சன்னாயியைத் தொட்டு ஒரு கட்டையை அழுத்துகிறார். சத்தம் இல்லை. வீணையைத் தொடுகிறார். விசில் மாதிரி என்னவோ கேட்கிறது. மைக்கில் அறிவிப்பாளர் முதல் பாட்டின் பெயரைச் சொல்லியாகிவிட்டது.

கருவியில் பழுதில்லை. பென் டிரைவிலும் பழுதில்லை. பெயர்கள் வந்தன, குரல்கள் வரவில்லை, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்பது கீபோர்டை நம்பிப் பிழைப்பவர்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு மேடையில் வியர்த்து வழிந்து கற்றுக்கொள்ளும் பாடம்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கீபோர்டு என்பது கறுப்பு வெள்ளைக் கட்டைகள். உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரு தாலுகா ஆபீஸ். ஒவ்வொரு டோனும் ஒரு கோப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண். ஒரு கோப்பு இன்னொன்றைச் சுட்டும், அது வேறொன்றைச் சுட்டும். ஒன்றை இடம் மாற்றினால் மற்றவை திணறும்.

எல்லாக் காலத்திலும் இப்படி இல்லை. ஏ.ஆர். ரஹ்மானின் தந்தை ஆர்.கே. சேகர் 1976-ல் காலமானபோது, அவர் சேர்த்து வைத்திருந்த இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அந்தக் காலத்து எலெக்ட்ரானிக் கருவி வாடகைக்குப் போய்த் திரும்பி வந்தால் குமிழ்கள் திருகப்பட்டிருக்கலாம், ஒரு கட்டை உடைந்திருக்கலாம். களவு போகவோ அழிந்து போகவோ உள்ளே எதுவும் கிடையாது. சிந்தஸைசரில் நல்ல நாதம் ஒன்று அமைந்துவிட்டால் குமிழ்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று தாளில் படம் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் அதே இடத்தில் திருப்பி வைத்தாலும் அதே நாதம் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நிலைமையை மாற்றியது 1978-ல் அமெரிக்காவில் வந்த 'ப்ராஃபெட்-5'. சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் என்ற சின்ன கம்பெனியின் டேவ் ஸ்மித், சிந்தஸைசருக்குள் மைக்ரோ பிராசசரை வைத்து 40 டோன்களை நினைவில் நிறுத்தினார். ஒரு பொத்தானை அழுத்தினால் நேற்றைய நாதம் இன்று அப்படியே வந்தது. சந்தோஷத்தோடு கவலையும் சேர்ந்து வந்தது. சேமிக்க முடிகிற எதையும் தொலைக்கவும் முடியும்.

நாற்பதுக்கு மேல் வேண்டுமென்றால்? வேறெங்காவது பெயர்த்து வைக்க வேண்டும். வழியாகக் கிடைத்தது பாட்டுக் கேட்கும் அதே ஆடியோ கேசட். 1982-ல் வந்த ரோலண்டின் ஜூனோ-60, தன் 56 டோன்களையும் கீச்சுக் கீச்சென்ற சத்தமாக மாற்றி டேப் ரிக்கார்டருக்கு அனுப்பும். திரும்ப ஏற்ற அந்தக் கீச்சொலியைக் கருவிக்கே போட்டுக் காட்ட வேண்டும். டேப்பில் ஒரு சுருக்கம் விழுந்தால் போயிற்று. அதனால் பதிந்தது சரிதானா என்று ஒத்துப் பார்க்கத் தனியாக ஒரு வசதியும் வைத்திருந்தார்கள். அதைப் பொறுமையாகச் செய்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7, எழுபதுகளின் கருவிகளை ஒரே வீச்சில் பழசாக்கியது. உள்ளே 32 டோன்கள். காலி இடம் ஒன்றுகூடக் கிடையாது, முப்பத்திரண்டிலும் எப்போதும் ஏதாவது குடியிருக்கும். ஆகவே புதிதாக ஒன்றைச் சேமிப்பது என்றால் ஏற்கனவே இருக்கும் ஒன்றை அழிப்பது என்று அர்த்தம். ஐந்தாம் எண்ணில் இருப்பதை ஒன்பதுக்கும், ஒன்பதில் இருப்பதை ஐந்துக்கும் மாற்றுவது கேட்கச் சுலபம். பாலும் மோரும் உள்ள இரண்டு டம்ளர்களை மாற்ற மூன்றாவது டம்ளர் தேவைப்படுவது போல, இங்கே மூன்றாவதாக ஓர் எண்ணைப் பலி கொடுக்க வேண்டும், அல்லது தனியே காசு கொடுத்து ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்க வேண்டும். கைதவறி அழித்துவிடாமலிருக்க நினைவகத்துக்கு ஒரு பூட்டும் வைத்தார்கள். பூட்டைத் திறந்தால்தான் சேமிக்க முடியும். திறந்த பூட்டை மறுபடி மாட்ட மறப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

அதே 1983-ல் 'மிடி' என்ற பொது மொழி வந்தது. ஒரு கருவி இன்னொரு கருவியோடு ஒரு வயர் மூலம் பேசலாம். டிஎக்ஸ்7-ன் 32 டோன்களும் சேர்ந்து 4,104 பைட்டுகளில் அடங்கிவிடும். மிடி வயரில் விநாடிக்கு 31,250 பிட்டுகள் ஓடும். கணக்குப் போட்டால் ஒன்றேகால் விநாடிக்குச் சற்று அதிகம். ஒருவர் பல மாதங்கள் இராக்கண் விழித்துச் செய்ததை இன்னொருவர், முதல்வர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் என்றுகூடச் சொல்ல முடியாது, நாற்காலியை விட்டு எழுவதற்குள் எடுத்துப் போய்விடலாம்.

தமிழ்ப் படங்களில் இந்த அலை வந்தது 1986 வாக்கில், இளையராஜாவின் 'புன்னகை மன்னன்' காலத்தில். தெலுங்குப் பட இசையும் அப்போது பெரும்பாலும் கோடம்பாக்கத்தைச் சுற்றித்தான் நடந்தது. ராஜ்-கோட்டி இரட்டையர்களுக்குக் கீபோர்டு வாசித்தவர்களில் 'ரோஜா'வுக்கு முந்தைய ரஹ்மானும் ஒருவர். இந்த மாதிரி வேலைக்குக் 'கீபோர்டு புரோகிராமர்' என்று பெயர் வந்ததே அந்தக் காலகட்டத்தில்தான். வாசிப்பது பாதி வேலை. வாசிப்பதற்கான நாதத்தைச் செய்து, எண் போட்டு, பெயர் வைத்துப் பத்திரப்படுத்துவது மறு பாதி. பின்பாதிக்குப் பட டைட்டிலில் இடம் கிடையாது.

தெலுங்குப் படவுலகம் மெல்ல மெல்ல மூட்டை கட்டியது. 1976-ல் நாகேஸ்வர ராவின் அன்னபூர்ணா ஸ்டூடியோ ஹைதராபாத்தில் திறக்கப்பட்டது. 1996-ல் நகருக்கு வெளியே ராமோஜி ஃபிலிம் சிட்டி. நடிகர்கள் போனார்கள், காமிராக்கள் போயின. இசை மட்டும் அவ்வளவு சீக்கிரம் கிளம்பவில்லை. மணி ஷர்மா, தேவி ஸ்ரீ பிரசாத் போன்றவர்கள் தெலுங்கில் கொடிகட்டிப் பறந்தபோதும் சென்னையிலிருந்தே வேலை செய்தார்கள். டைரக்டர் ஹைதராபாத்தில், பாட்டு சென்னையில். இப்படி இரண்டு ஊரில் நடக்கும் தொழிலில் டோன்களும் ஊர்விட்டு ஊர் போக வேண்டியிருக்கும். மாலையில் சார்மினார் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் அந்த ஊர். கனமான கீபோர்டைத் தூக்கிச் செல்வதைவிட நாலு ஃப்ளாப்பியைப் பைக்குள் போட்டுக்கொள்வது யாருக்கும் தோன்றக்கூடிய யோசனை.

யோசனை நல்லதுதான். எதை ஃப்ளாப்பியில் வைத்தோம் என்பதில்தான் வினை.

தொண்ணூறுகளின் ஸ்டூடியோக்களில் கௌரவமாகக் கருதப்பட்ட கருவி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: 1991-ல் வந்த கர்ஸ்வைல் கே2000. பார்வையற்றவர்களுக்காக 1976-ல் படிக்கும் இயந்திரம் செய்த ரே கர்ஸ்வைல், அதை வாங்கிய பாடகர் ஸ்டீவி வொண்டருடன் ஏற்பட்ட நட்பால் பியானோ பக்கம் திரும்பித் தொடங்கிய கம்பெனி அது. 1990-ல் கொரியாவின் யங் சாங் அதை வாங்கிக்கொண்டது. கே2000-ல் சேமிக்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் 'ஆப்ஜெக்ட்' என்று பெயர். நூறு நூறாக வங்கிகள். 1 முதல் 199 வரை கம்பெனி தந்தவை, கைவைக்க முடியாது. 200 முதல் 999 வரை நம் ராஜ்ஜியம். ஆப்ஜெக்டுகளை வேறு எண்ணுக்கு நகர்த்தலாம், பிரதி எடுக்கலாம், பெயர் மாற்றலாம், அழிக்கலாம்.

இதில் ஒரு டோன் என்பது ஒரே ஆப்ஜெக்ட் அல்ல. நாதத்தை எப்படிப் பக்குவப்படுத்துவது என்ற குறிப்பு ஒன்று. எந்தக் கட்டைக்கு எந்தப் பதிவு என்ற வரைபடம் இன்னொன்று. நிஜமாகவே மைக் வைத்துப் பதிந்த ஒலித் துண்டுகள் மூன்றாவது. கல்யாணச் சமையல் மாதிரி. செய்முறை எழுதிய தாள் ஒன்று, யாருக்கு எந்தப் பந்தி என்ற கணக்கு ஒன்று, அரிசி பருப்பு தனி. தாளைப் பிரதி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஹைதராபாத் போய் இறங்கி, பாத்திரத்தைத் திறந்தால் சோறு இருக்குமா?

கருவியைக் குறை சொல்ல முடியாது. ஃப்ளாப்பியில் சேமிக்கும்போது, "இதைச் சார்ந்த ஆப்ஜெக்டுகளையும் சேர்த்து வைக்கட்டுமா?" என்று அது கேட்கத்தான் செய்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு, ஆட்டோ வாசலில் நிற்கும்போது, அந்தக் கேள்வியின் கனம் யாருக்குப் புரியும்? 'வேண்டாம்' என்றால் சீக்கிரம் முடிகிறது. 'சரி' என்றால் ஃப்ளாப்பி போதவில்லை. ஒரு ஃப்ளாப்பியின் கொள்ளளவு 1.44 மெகாபைட். சி.டி. தரத்தில் ஒற்றைத் தடத்தில் பதிந்த ஒலிக்கு விநாடிக்கு 88,200 பைட்டுகள் வேண்டும். ஆக மொத்தம் பதினாறு, பதினேழு விநாடி. ஒரு சன்னாயியின் நாலைந்து சுரங்களைக் கொஞ்சம் நீட்டி ஊதினாலே நிரம்பிவிடும். செய்முறைக் குறிப்புகளோ நூற்றுக்கணக்கில் அதே ஃப்ளாப்பியில் அடங்கும். மனிதர்கள் குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலேறியதில் ஆச்சரியமில்லை.

இன்னொரு சிக்கல், கருவிக்கு இரண்டு விதமான நினைவு. குறிப்புகள் இருக்கும் நினைவகம், மூன்று சாதாரண பென் டார்ச் பேட்டரிகளின் தயவில், மின்சாரம் போனாலும் பிழைத்திருக்கும். ஒலித் துண்டுகள் இருக்கும் நினைவகத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஸ்விட்சை அணைத்தால் காலி. மறுநாள் கருவியைப் போட்டால் எல்லாப் பெயர்களும் சமர்த்தாக வரிசையில் நிற்கும், உள்ளே உயிர் இருக்காது. புதிதாக வாங்கியவர்கள் கருவி கெட்டுவிட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகக்கூடிய இடம் இது.

ஏற்றும்போதும் கவனம் தேவை. வரும் ஆப்ஜெக்டுகளை ஏற்கனவே இருப்பவற்றின் பக்கத்தில் காலி எண்களில் உட்கார வைக்கலாம். அல்லது 'மேலெழுது' என்று சொல்லலாம். இரண்டாவதைச் சொன்னால், வருவது ஒன்றே ஒன்றாக இருந்தாலும் அந்த வங்கியின் நூறு இடங்களும் முதலில் துடைத்துப் போடப்படும். நண்பரின் ஃப்ளாப்பியிலிருந்து ஒரு புல்லாங்குழலை வாங்கிக்கொள்ளப் போய்த் தன் வங்கியையே பறிகொடுக்க இந்த ஒரு சொல் போதும்.

கர்ஸ்வைலாவது கேள்வி கேட்கிறது. 1988-ல் வந்து உலகெங்கும் விற்றுத் தீர்ந்த கோர்க் எம்1 அதுவும் கேட்காது. அதில் 100 தனி டோன்கள், அவற்றில் எட்டு வரை சேர்த்துக் கட்டிய 100 கூட்டு டோன்கள். கூட்டு டோனுக்குள் இருப்பது டோன்கள் அல்ல, அவற்றின் எண்கள். "12-ஆம் எண்ணைக் கூப்பிடு" என்று மட்டும் எழுதியிருக்கும். நீங்கள் 12-ல் இருந்த வயலினை ஒழுங்குபடுத்தும் ஆசையில் 40-க்கு நகர்த்தி, 12-ல் ஒரு டிரம்பெட்டை வைத்தால், அந்த வயலினை நம்பியிருந்த கூட்டு டோன்கள் எல்லாம் அன்றிலிருந்து டிரம்பெட் ஊதும். வீடு மாறியவரின் கடிதங்கள் பழைய விலாசத்துக்கே போய், புதிதாகக் குடிவந்தவர் பிரித்துப் படிப்பது போல.

ஃப்ளாப்பி போய்ப் பென் டிரைவ் வந்தது. இந்தியச் சந்தைக்கென்றே யமஹா 'பி.எஸ்.ஆர்.-ஐ' என்று தபலா, தம்புரா நாதங்களோடு ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. ஆனாலும் பழைய வியாதி தீரவில்லை. இன்றைய கீபோர்டுகளில் ஒரு பாட்டுக்கு வேண்டிய டோன், தாளம், வேகம் எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் பதிந்து வைக்கும் வசதி உண்டு. மேடைக் கலைஞர்களுக்கு அதுதான் உயிர். பல மாடல்களில் அந்தப் பொத்தான் நினைவில் வைப்பது, வெளியிலிருந்து ஏற்றிய தாளத்தை அல்ல, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற வழியை. வீட்டில் சும்மா இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பென் டிரைவைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று தாளங்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றியவர், அடுத்த மேடையில் மாட்டிக்கொள்வார். தொடக்கத்தில் பார்த்த மேடைக் கலைஞரின் கதையும் ஏறத்தாழ இதே ரகம். அவர் பென் டிரைவுக்கு எடுத்தது டோன்களின் குறிப்புகளை. ஒலித் துண்டுகள் வீட்டுக் கருவியிலேயே தங்கிவிட்டன. விசில் அடித்த வீணை, வாடகைக் கருவியில் அதே எண்ணில் வேறு யாரோ ஏற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து வாசித்தது.

(வேடிக்கை என்னவென்றால் அமேசான் தன் இணையச் சேமிப்புக்கான இந்தியாவின் இரண்டாவது பெரிய மையத்தை 2022 நவம்பரில் திறந்தது இதே ஹைதராபாத்தில்தான். அங்கே சேமிக்கப்படுபவற்றுக்கும் 'ஆப்ஜெக்ட்' என்றே பெயர். உலகத்துக் கோப்புகளையெல்லாம் பத்திரப்படுத்தும் ஊரில் ஒரு கீபோர்டுக்காரர் தன் சன்னாயியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.)

தொலைப்பது ஒரு துக்கம் என்றால், களவு கொடுப்பது இன்னொன்று. நல்ல டோன் ஒன்று ஊரில் பெயர் வாங்கிவிட்டால் அது ஒருவரிடம் நிற்பதில்லை. முன்பு மிடி வயர், பிறகு ஃப்ளாப்பி, இப்போது வாட்ஸ்ஆப். செய்தவர் கண்ணெதிரிலேயே அவருடைய டோன் தொகுப்பு விலை பேசப்படுவதும் உண்டு. டிஎக்ஸ்7-ல் ஒரு டோனுக்குப் பெயர் வைக்கப் பத்து எழுத்துகள் தருவார்கள். செய்தவர் தன் இனிஷியலைப் போட்டுக்கொள்ளலாம். அவருக்குக் கிடைக்கும் அங்கீகாரம் முழுவதும் அந்தப் பத்து எழுத்துக்குள்தான். அதுவும், பிரதி எடுத்தவர் முதலில் மாற்றுவது பெயரைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம், 1984 திருத்தத்துக்குப் பிறகு, கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்போடு சேர்க்கிறது. முறையாக வாங்கியவர் பாதுகாப்புக்காகப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வதையும் அனுமதிக்கிறது. ஒலிப்பதிவுக்கு 60 வருடப் பாதுகாப்பு உண்டு. எனவே ஒருவர் பாடுபட்டுப் பதிந்த சன்னாயித் துண்டுகளைத் திருடினால் வழக்குப் போட வழி இருக்கிறது. ஆனால் ஒலித் துண்டே இல்லாத, வெறும் எண்களால் ஆன டோன்? அது புரோகிராமா, பட்டியலா, சமையல் குறிப்பா? சட்டப் புத்தகத்தில் அதற்கென்று ஒரு வரி இல்லை. வழக்குச் செலவில் இரண்டு புதுக் கீபோர்டு வாங்கிவிடலாம் என்பதால் கேட்பாரும் இல்லை.

பழைய கருவிகள் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு கெடு இருக்கிறது. டிஎக்ஸ்7-ன் 32 டோன்களைக் காப்பாற்றி வருவது உள்ளே ஈயம் வைத்துப் பற்றவைத்த ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. நாணய அளவுதான் இருக்கும். அது பல வருடம் உழைக்கும், ஆனால் சாகாவரம் பெற்றதல்ல. அது இறந்தால் டோன்களும் இறக்கும். மாற்றினாலும் இறக்கும், ஏனென்றால் பழையதைப் பிடுங்கும் அந்த நிமிடத்தில் நினைவகத்துக்கு ஆகாரம் இல்லை. ஹைதராபாத்தில் கோட்டி கடைத்தெருவின் குஜராத்தி கல்லியிலோ, செகந்தராபாத் பார்க் லேனிலோ (இந்தக் கோட்டி வேறு, இசையமைப்பாளர் கோட்டி வேறு) பற்றவைக்கத் தெரிந்தவரைத் தேடிப் போகிறவர்கள், போவதற்கு முன் டோன்களை மிடி வழியாக ஒரு கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்வது உத்தமம். ஃப்ளாப்பி டிரைவ் செத்துப்போன கருவிகளுக்கு, அதே இடத்தில் பொருத்தும் பென் டிரைவ் பெட்டிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. பழைய ஃப்ளாப்பிகள் இன்னும் வாசிக்கும் நிலையில் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். காந்தப் பூச்சு காத்திருக்காது.

விவரம் தெரிந்த புரோகிராமர்கள் இன்னொரு காரியமும் செய்கிறார்கள். டோனை டோனாக வைத்துக்கொள்வதோடு, அதைச் சுரம் சுரமாக வாசித்துச் சாதாரண ஒலிப்பதிவாகவும் சேமித்துவிடுகிறார்கள். கருவி போனாலும், கம்பெனியே போனாலும், அதைக் கேட்டாவது திருப்பிச் செய்யலாம்.

எல்லாவற்றுக்கும் பழைய வழி ஒன்றும் இருக்கிறது. தாள். டிஎக்ஸ்7-ன் ஒரு டோன், பெயரின் பத்து எழுத்துகளையும் சேர்த்து, 155 எண்கள்தான். 32 டோன்களுக்கு 4,960. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அப்படி எழுதி வைத்தவர்களுக்கு பேட்டரி செத்த அன்று ஒரு நாள் வேலை கெடும். பொத்தானை அழுத்தி அழுத்தி விரல் வலிக்கும். சாயங்காலம் கச்சேரிக்கு டோன் இருக்கும்.